'இது லீகலா, மேடம்?'

வக்கீல் ஆபீஸுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி 'இது லீகலா, மேடம்?' என்றுதான் முடியும். பழைய புரோநோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கேட்பார். லீஸ் முடிந்தும் காலி செய்யாத வாடகைதாரரைப் பற்றி இன்னொருவர் கேட்பார். மகள் வெளிநாடு போய்விட, பேரனைத் தன்னிடம் வைத்து வளர்க்கும் பாட்டி ஒருவர் கேட்பார். கேள்வி ஒன்றுதான், ஆனால் மூன்று பேரும் தெரிந்துகொள்ள வந்தது மூன்று விஷயம். நோட்டுக்காரருக்கு, கோர்ட் தன் பணத்தை வாங்கித் தருமா என்று தெரிய வேண்டும். வீட்டுக்காரருக்கு, அந்த ஆளின் சாமானைத் தூக்கி வெளியே வைத்தால் தன் மேல் கேஸ் வருமா என்று தெரிய வேண்டும். பாட்டிக்கு, அந்தப் பையன் விஷயத்தில் தன் பேச்சுக்குச் சட்டம் ஏதாவது மதிப்பு தருகிறதா என்று தெரிய வேண்டும்.

இப்படி வெவ்வேறு கேள்விகள் இருப்பதால்தான் ஆங்கிலத்தில் லீகல், லாஃபுல், லெஜிட்டிமேட், லிசிட் என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. அகராதியைத் திறந்தால் ஒன்றுக்கு இன்னொன்றைப் பொருளாகக் கொடுத்திருப்பார்கள். தமிழில் எழுதும்போது நாமும் நான்குக்கும் சேர்த்து 'சட்டப்பூர்வமான' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். நான் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் பக்கம் தொழில் செய்கிறேன். கட்சிக்காரர் தமிழில் சொல்வதை ஆங்கிலச் சட்டத்தில் பொருத்திப் பார்ப்பதும், ஆங்கிலத் தீர்ப்பை அவருக்குத் தமிழில் சொல்வதும்தான் காலையிலிருந்து மாலைவரை வேலை. இந்தச் சொற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் ஒருவருடைய வீடு, பங்கு, சில சமயம் பிறப்பே மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

லீகல் என்ற சொல்லில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, சட்டம் அனுமதிப்பது. மற்றொன்று, சட்டத்தோடு சம்பந்தப்பட்டது. லீகல் நோட்டீஸ், லீகல் எய்டு, லீகல் சைஸ் பேப்பர் எல்லாம் இரண்டாவது வகை. இடம் வாங்குகிறவர்கள் 'லீகல் பார்த்தாச்சா?' என்று கேட்கிறார்களே, அதுவும் அதே வகைதான். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் படித்து வக்கீல் எழுதித் தரும் ஒப்பீனியன் அது. இந்த இடங்களில் லாஃபுல் என்று மாற்றிப் போட முடியாது. லாஃபுல் நோட்டீஸ் என்றால் அனுமதிக்கப்பட்ட நோட்டீஸ் என்று ஆகிவிடும். இன்றைய ஆங்கிலத்தில் லாஃபுலுக்கு 'சட்டம் ஏற்கிறது' என்பதைத் தாண்டி வேறு வேலை கிடையாது.

'லீகல் டெண்டர்' என்ற சொற்றொடரில் இன்னொரு சாயை இருக்கிறது. 2023 மே 19 அன்று ரிசர்வ் வங்கி இரண்டாயிரம் ரூபாய் நோட்டைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தபோது, அந்த நோட்டு லீகல் டெண்டராகவே தொடரும் என்றும் சேர்த்தே சொன்னது. 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் நடந்தது வேறு. அவற்றுக்கு அந்தத் தகுதியே போய்விட்டது. நோட்டை வைத்திருக்க அனுமதி உண்டா இல்லையா என்பதல்ல இங்கே விஷயம். கடனைத் தீர்க்க அதை நீட்டும்போது சட்டம் அதைப் பணமாக ஏற்கச் சொல்கிறது, அந்த வலு அதற்கு இருக்கிறது என்பதுதான். 2023இல் பல பேர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பதறிப்போனார்கள்.

பிறப்பிலேயே இந்தச் சொற்கள் வேறு குடும்பம். 'லா' என்பது நார்ஸ் மக்களோடு இங்கிலாந்துக்கு வந்து பழைய ஆங்கிலத்தில் கலந்த சொல். லீகலும் லெஜிட்டிமேட்டும் 'லெக்ஸ்' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தவை. விசுவாசமானவர் என்ற பொருளில் சொல்லும் 'லாயல்' கூட லீகலின் உடன்பிறப்புதான், பிரெஞ்சு வழியாக வேறு பாதையில் வந்தது. வேர் எதுவானாலும், கோர்ட்டில் இவை பழகிய விதத்தில் ஒரு வித்தியாசம் படிந்திருக்கிறது. லீகல் என்றால் சட்டத்தின் வடிவத்தை, சம்பிரதாயத்தை, எழுத்தைப் பார்க்கும். லாஃபுல் என்றால் உள்ளே இருக்கும் சங்கதியைச் சட்டம் ஏற்கிறதா என்று பார்க்கும். எல்லா இடத்திலும் இந்தக் கோடு நேராக ஓடாது. ஆனால் ஓடும் இடங்களில் வழக்கின் முடிவே அதில்தான் நிற்கும்.

பாட்டியின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி மைனர் பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர்கள் அப்பாவும் அம்மாவும்தான். பாட்டி லீகல் கார்டியன் ஆக வேண்டுமானால் கோர்ட் நியமிக்க வேண்டும். ஆனால் ஆள் கடத்தல் பிரிவு பேசுவது 'லாஃபுல் கார்டியன்' பற்றி. இந்திய தண்டனைச் சட்டத்தின் 361ஆம் பிரிவுக்கு ஒரு விளக்கம் இருந்தது: பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாரிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டிருக்கிறதோ, அவரும் லாஃபுல் கார்டியனில் சேர்வார். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆம் பிரிவும் இதே வழியில்தான் போகிறது. அம்மா நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன பையனை யாராவது ஆசை காட்டிப் பாட்டி வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனால் அது கடத்தல்தான். 'இந்தக் கிழவி ஒன்றும் கார்டியன் இல்லையே' என்று எதிரி தப்பிக்க முடியாது. அதே பாட்டி, பேரன் பெயரில் இருக்கும் நிலத்தை விற்கக் கையெழுத்துப் போட முடியாது. லாஃபுல் என்ற சொல் அவருக்குத் தருவது பிள்ளையைக் காக்கும் இடத்தை. சொத்தில் கை வைக்கும் அதிகாரம் அதில் வராது. சட்டம் எழுதியவர்கள் இதைத் தெரிந்தே எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நம் ஊரில் எத்தனை பிள்ளைகள் தாத்தா பாட்டி, சித்தி, அத்தை வீட்டில் வளர்கிறார்கள்!

லாஃபுல் என்ற சொல்லின் எடையை இன்னும் துல்லியமாகக் காட்டுவது ஒரு சினிமா தியேட்டர் வழக்கு. சொக்கலிங்கம் எதிர் மாணிக்கவாசகம், உச்ச நீதிமன்றம், 1973. நம் மாநிலத்து வழக்குதான். 1957ஆம் ஆண்டின் மெட்ராஸ் சினிமா ஒழுங்குமுறை விதிகளில் பதின்மூன்றாவது விதி, தியேட்டர் லைசென்ஸ் கேட்பவர் என்ன காட்ட வேண்டும் என்று சொல்கிறது. சொந்தக்காரர் என்றால் உரிமைக்கான ஆவணங்கள். சொந்தக்காரர் இல்லையென்றால் இடம், கட்டடம், கருவிகள் எல்லாம் தன்னுடைய 'லாஃபுல் பொசஷனில்' இருப்பதற்கான ஆவணம். பொசஷன் என்றால் கைவசம் வைத்து அனுபவிப்பது. இந்த வழக்கில் தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர்களின் குத்தகைக் காலம் முடிந்துவிட்டது. அவர்கள் காலி செய்யவில்லை. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அவர்கள் கையில் இருப்பது லாஃபுல் பொசஷனா?

குத்தகைதாரர் பக்க வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. குத்தகை முடிந்த பிறகும் ஒருவரை அடித்து விரட்ட முடியாது. கோர்ட் மூலமாகத்தான் வெளியேற்ற வேண்டும். மீறி விரட்டினால், 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அவர் திரும்ப உள்ளே வந்துவிடலாம். அந்த வழக்கில் நில உரிமையாளர் 'இது என் சொத்து' என்று பத்திரத்தைக் காட்டினாலும் பலன் இல்லை. இவ்வளவு பாதுகாப்பைச் சட்டமே ஒரு பொசஷனுக்குத் தருகிறது என்றால் அது லாஃபுல் பொசஷன் இல்லையா என்று கேட்டார்கள்.

இல்லை என்றது உச்ச நீதிமன்றம். சட்டம் ஒன்றைப் பாதுகாப்பதும், சட்டம் ஒன்றுக்கு உரிமை தருவதும் வேறு வேறு. பலாத்காரத்திலிருந்து பாதுகாக்கப்படும் அனுபவத்துக்கு 'ஜுரிடிகல் பொசஷன்' என்று பெயர். லாஃபுல் பொசஷன் என்றால், அனுபவிப்பதற்கு அடியில் ஏதாவது ஒரு சட்ட உரிமை இருக்க வேண்டும். குத்தகை முடிந்ததும் அந்த அடித்தளம் போய்விட்டது, மிஞ்சியது பாதுகாப்பு மட்டும்தான். பாதுகாப்பை வைத்துக்கொண்டு லைசென்ஸ் கேட்க முடியாது.

இதைப் படித்த பிறகு, லீஸ் முடிந்த வாடகைதாரர் பற்றி வீட்டுக்காரர்கள் கேட்டால் நான் தரும் பதில் இரண்டு பாகமாக வருகிறது. அவர் அங்கே இருப்பதற்கு உரிமை இல்லை. நீங்கள் அவர் சாமானைத் தூக்கி வெளியே வைப்பதற்கும் உரிமை இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை என்று சொன்னால் பல பேர் கோபப்படுகிறார்கள். சட்டம் எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். சட்டம் அந்த நிமிடத்தில் யார் பக்கமும் இல்லை, தெருவில் கைகலப்பு வேண்டாம் என்பதன் பக்கம் இருக்கிறது. இதைச் சொல்லிப் புரியவைக்கச் 'சட்டப்பூர்வமான அனுபவம்' என்ற ஒற்றைச் சொற்றொடர் கொஞ்சமும் உதவுவதில்லை. ஜூனியர்களிடம் நான் சொல்வது இதுதான்: பிராதில் லாஃபுல் பொசஷன் என்று எழுதினால் அதற்கு அடுத்த வரியிலேயே எந்த உரிமையில் என்று எழுத வேண்டும். கிரயமா, குத்தகையா, பாகமா, அனுமதியா? எழுத எதுவும் இல்லையென்றால் அந்தச் சொல்லையே போடக் கூடாது. நெடுநாள் அனுபவம் என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு அதற்கு உரிய பாதுகாப்பை மட்டும் கேட்பதுதான் நேர்மை. கோர்ட்டும் அதை மதிக்கும்.

நோட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷம் தாண்டிய புரோநோட்டைக் கொண்டுவந்து 'இது இல்லீகல் ஆயிடுச்சா?' என்று கேட்கிறார். கடன் சட்டவிரோதம் ஆகவில்லை. காலவரையறைச் சட்டம் கோர்ட்டின் கதவைத்தான் மூடியிருக்கிறது. கடன் வாங்கியவர் மனசாட்சிப்படி இப்போது திருப்பிக் கொடுத்தால் அது முறையான பணம்தான். கொடுத்தபின் 'காலாவதியான கடனுக்குக் கொடுத்துவிட்டேன், திருப்பித் தா' என்று கேட்க முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு ஒரு படி மேலே போகிறது. அப்படிக் காலாவதியான கடனைத் தருகிறேன் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது புதிய ஒப்பந்தமாகவே உயிர் பெறும். அதாவது ஒன்று லாஃபுலாக இருக்கலாம், கோர்ட் நிறைவேற்றித் தராமலும் இருக்கலாம்.

இதையே உச்ச நீதிமன்றம் பந்தயத்தில் வைத்துப் பார்த்தது 1959இல், கெருலால் பரேக் வழக்கில். உத்தரப் பிரதேசத்து ஹாபூர் கோதுமைச் சந்தையில் விலை ஏறும் இறங்கும் என்று பந்தய வியாபாரம் செய்ய இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்தார்கள். நஷ்டம் வந்தது. ஒருவர் முழுவதையும் கட்டிவிட்டு மற்றவரிடம் பாதி கேட்டார். 'பந்தய ஒப்பந்தம் செல்லாதே, நான் ஏன் தர வேண்டும்?' என்றார் மற்றவர். மெட்ராஸ் பாரிலிருந்து போய்ப் பின்னால் இந்தியத் தலைமை நீதிபதியான கே. சுப்பாராவ் எழுதிய தீர்ப்பு அது. பந்தய ஒப்பந்தத்தை ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு செல்லாது என்கிறது, ஆனால் தடை செய்யவில்லை. ஆகவே அதன் நோக்கம் 23ஆம் பிரிவு சொல்லும் 'அன்லாஃபுல்' வகையில் வராது. ஜெயித்தவன் பந்தயப் பணத்துக்கு வழக்குப் போட முடியாது. ஆனால் கூட்டாளிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு நிற்கும். செல்லாதது வேறு, கூடாதது வேறு என்று இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டிய தீர்ப்பு குறைவு. பம்பாய் மாகாணத்தில் மட்டும் 1865ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பந்தயத்தைச் சார்ந்த ஒப்பந்தங்களையும் செல்லாது என்று ஆக்கியிருந்தது. அங்கே நடந்திருந்தால் முடிவு மாறியிருக்கும்.

ஆங்கிலத்திலும் இந்தச் சொற்கள் ஒழுங்காக ஜோடி சேர்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு இல்லீகல் என்பதை மிக அகலமாக வரையறுத்தது. குற்றம் மட்டும் அல்ல, சட்டம் தடுத்த எதுவும், சிவில் வழக்குக்கு இடம் தரும் எதுவும் அதில் வரும். வேலியைத் தாண்டிப் பக்கத்து நிலத்தில் கல் நட்டால் போலீஸ் பிடிக்காமல் போகலாம், ஆனால் அந்த வரையறைப்படி அது இல்லீகல். கூட்டம் சேர்வதைப் பற்றிப் பேசும்போது அதே சட்டம் அன்லாஃபுல் என்ற சொல்லை எடுத்தது. ஐந்து பேர் கூடுவது தப்பில்லை. அவர்களின் பொது நோக்கம் சட்டம் சொல்லும் வகையில் ஒன்றாக மாறும்போதுதான் 'சட்டவிரோதக் கூட்டம்'. கூடும்போது லாஃபுலாக இருந்த கூட்டம் நடுவில் அன்லாஃபுலாக மாறலாம் என்று அந்தப் பிரிவிலேயே விளக்கம் இருந்தது. லாஃபுல் எப்போதும் உள்ளடக்கத்தையே பார்க்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

லிசிட் என்ற சொல்லைத் தனியாக யாரும் பேசுவதில்லை. அது வருவது பெரும்பாலும் போதைப் பொருள் சட்டத்தில்தான். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் லைசென்ஸ் பெற்ற விவசாயிகள் அபினிச் செடி பயிரிடுகிறார்கள். குவாலியரில் இருக்கும் மத்திய போதைப்பொருள் பணியகம் லைசென்ஸ் தருகிறது. அங்கே விளையும் அபினிக்கு லிசிட் ஓபியம் என்று பெயர். நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசாவும் அந்தச் செடியின் விதைதான். ஒரே செடி, ஒரே பால். அனுமதி இருந்தால் லிசிட், இல்லாவிட்டால் இல்லிசிட். இந்த இல்லிசிட்டுக்கு மட்டும் தமிழில் அச்சு அசலான சொல் இருக்கிறது: கள்ள. கள்ளச்சாராயம், கள்ளச்சந்தை, கள்ளத்தொடர்பு. மறைவும் கண்டனமும் சேர்ந்தே ஒலிக்கும் சொல். 2018 செப்டம்பர் 27 அன்று ஜோசப் ஷைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை ரத்து செய்த பிறகு, திருமணத்துக்கு வெளியே உள்ள உறவு குற்றம் இல்லை. விவாகரத்துக்கு மட்டும் காரணமாகலாம். பத்திரிகைத் தலைப்புகளில் அந்தக் 'கள்ள' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குற்றச் செய்திகளில் கொலையுண்ட பெண்ணைப் பற்றியே அப்படி எழுதுவதைப் படிக்கும்போது மனது கொதிக்கிறது.

லெஜிட்டிமேட்தான் இந்த நான்கில் எனக்கு மிகவும் முக்கியமான சொல். சட்டம் அனுமதிப்பது என்பதோடு அது நிற்பதில்லை. நியாயமானது, ஏற்கத் தக்கது, உரிய வழியில் வந்தது என்றெல்லாம் விரியும். 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்த புட்டசாமி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு அந்த உரிமையில் தலையிட வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், அரசின் நோக்கம் லெஜிட்டிமேட்டாக இருக்க வேண்டும், தலையீடு அந்த நோக்கத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். இரண்டாவதை 'சட்டப்பூர்வமான நோக்கம்' என்று மொழிபெயர்த்தால் என்ன ஆகும்? முதல் நிபந்தனையே திரும்ப வரும். சட்டம் போட்டுவிட்டோம், ஆகவே நோக்கம் சட்டப்பூர்வமானது என்று அரசு சொல்லிவிட்டுப் போய்விடலாம். குடிமகனுக்குக் கிடைத்த ஒரு தடுப்புச் சுவர் மொழிபெயர்ப்பில் காணாமல் போகும். 'நியாயமான நோக்கம்' என்றுதான் அங்கே எழுத வேண்டும்.

1950இல் மெட்ராஸ் அரசால் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, முறைப்படி இயற்றிய சட்டம் இருக்கிறது, அதன் நடைமுறை பின்பற்றப்பட்டிருக்கிறது, அது போதும் என்ற அளவில்தான் பெரும்பான்மை நீதிபதிகள் நின்றார்கள். 1978இல் மேனகா காந்தி பாஸ்போர்ட் வழக்கில்தான் அந்த நடைமுறையே நியாயமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்று கோர்ட் சொன்னது. லீகலிலிருந்து லெஜிட்டிமேட்டுக்கு வர இந்த நாட்டுக்கு இருபத்தெட்டு வருஷம் பிடித்தது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. சுயமரியாதைத் திருமணங்கள். ஐயர் இல்லை, அக்கினி இல்லை, மேடையில் பெரியவர்கள் முன்னிலையில் உறுதிமொழி, மாலை. ஊர் ஏற்றுக்கொண்டது, உறவு ஏற்றுக்கொண்டது. ஆனால் 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்றது. மக்கள் கண்ணில் லெஜிட்டிமேட்டாக இருந்த ஒன்று லீகல் இல்லாமல் போனது. அந்த மேடைகளில் கைப்பிடித்த எத்தனையோ பெண்களின் நிலையும், அவர்கள் பெற்ற பிள்ளைகளின் நிலையும் ஒரே தீர்ப்பில் கேள்விக்குறியானது. 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் சேர்த்தே அந்தப் பிரிவு செல்லுபடி தந்தது. இந்தப் பிரிவைப் படிக்கும்போதெல்லாம், சட்டம் மக்களைத் தேடி வந்த நாள் என்றே எனக்குத் தோன்றும்.

அந்தப் பிரிவு திருமணத்தைக் காப்பாற்றியது. திருமணத்தைக் காப்பாற்ற முடியாத இடத்தில் பிள்ளையை மட்டும் காப்பாற்றுவது அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு. முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது செய்துகொண்ட இரண்டாம் திருமணம் செல்லாது. ஆனால் அதில் பிறந்த பிள்ளை லெஜிட்டிமேட் என்கிறது சட்டம். 1955இல் எழுதியபோது ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அந்தத் திருமணம் செல்லாது என்று கோர்ட் டிகிரி, அதாவது தீர்ப்பாணை, இருந்தால்தான் பிள்ளைக்கு அந்தத் தகுதி. யாரும் வழக்குக்குப் போகாமல் இருந்தால் பிள்ளை நடுத்தெருவில். 1976 திருத்தம் அதை நீக்கியது. டிகிரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளை லெஜிட்டிமேட்தான். பெற்றோரின் சேர்க்கை லீகல் இல்லை, பிள்ளை லெஜிட்டிமேட். இரண்டு சொல்லும் ஒரே குடும்பத்துக்குள் பிரிந்து நிற்கும் இடம் இது.

பங்கு எவ்வளவு என்பதில் மட்டும் குழப்பம் நீண்டது. பெற்றோரின் சொத்தில்தான் உரிமை, மற்ற உறவினர் சொத்தில் கிடையாது என்று உட்பிரிவு 3 சொல்கிறது. அப்படியானால் அப்பாவின் பூர்வீகச் சொத்து? 2023 செப்டம்பர் 1 அன்று ரேவணசித்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் இதற்கு முடிவு சொன்னார்கள். அப்பா இறப்பதற்குச் சற்று முன் கூட்டுக் குடும்பச் சொத்து பாகம் பிரிக்கப்பட்டதாக வைத்துக்கொண்டால் அவருக்கு எவ்வளவு வருமோ, அது அவருடைய சொத்து. அதில் இந்தப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் கூட்டுக் குடும்பப் பங்காளியாக அவர்கள் பிறப்பிலேயே உரிமை கேட்க முடியாது.

இப்போது எங்கள் ஆபீஸில் இருக்கும் ஒரு வழக்கு இதைச் சார்ந்தது. அடையாளம் தெரியாமல் சொல்கிறேன். அப்பாவின் இரண்டாவது திருமணத்தில் பிறந்த பெண். அப்பா இறந்ததும் வாரிசுச் சான்றிதழ் கேட்டுப் போனவளுக்கு, 'தாயாரின் திருமணம் சட்டப்பூர்வமானதல்ல, ஆகவே மனுதாரர் சட்டப்பூர்வ வாரிசு அல்ல' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தப்பு. 'சட்டப்பூர்வ' என்ற ஒரே சொல் இரண்டு பாதியிலும் உட்கார்ந்திருந்ததால் ஒன்றிலிருந்து மற்றது தானாக வருவது போலத் தெரிந்திருக்கிறது. அந்தத் தாளைக் கொடுக்கும்போது அவள் கை நடுங்கியது. தன் அம்மாவைப் பற்றி எழுதியதைவிட, தான் மகள் இல்லை என்று யாரோ எழுதியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பாகப்பிரிவினை வழக்குப் போட்டோம். பிராதில் அம்மாவின் திருமணத்தை மறைக்கவில்லை. அது செல்லாது என்று நாங்களே எழுதினோம், அடுத்த வாக்கியத்தில் 16ஆம் பிரிவுப்படி வாதி முறையான மகள் என்று எழுதினோம். எதிர்த்தரப்பு பதிலுரையில் பக்கத்துக்குப் பக்கம் 'இல்லெஜிட்டிமேட் டாட்டர்' என்று இருந்தது. சட்டமே லெஜிட்டிமேட் என்று சொன்ன பிறகு அப்படி எழுத யாருக்கும் அதிகாரம் இல்லை என்று வாதத்தின்போது சொன்னேன். நீதிபதி அந்தச் சொல்லைத் தீர்ப்பில் எங்கும் எடுத்துக்கொள்ளவில்லை. 'இறந்தவரின் மகள்' என்றுதான் எழுதியிருந்தார். பூர்வாங்கத் தீர்ப்பாணை அவளுக்கு ஆதரவாக வந்துவிட்டது. இறுதித் தீர்ப்பாணைக்கு மனுப் போட்டிருக்கிறோம். வக்கீல் கமிஷனர் சர்வேயரோடு போய் நிலத்தை அளக்க வேண்டும், அறுவடை முடியட்டும் என்று காத்திருக்கிறோம்.